மயிரிழையில் ஓடும் காலம்

(பத்தாம் வகுப்பு, 'ஆ' பிரிவு மாணவி)

 

சாவி கொடுக்கும் கைக்கடிகாரம் ஒன்றைக் காதருகே வைத்து அதன் ஓசையை நீங்கள் கேட்டதுண்டா? இல்லையென்றால் வீட்டிலுள்ள பெரியவர்களிடம் ஒன்றை வாங்கிக் கேட்டுப் பாருங்கள். அதற்குள் ஒரு சின்னஞ்சிறு உயிர் குடியிருப்பது போலவே தோன்றும். அந்த ஓசைக்கு ஒழுங்கைக் கொடுப்பது தலைமுடியைப் போன்ற மெல்லிய கம்பிச் சுருள் ஒன்று. அதனாலேயே அதற்கு ஹேர் ஸ்பிரிங் என்று பெயர். தமிழில் மயிரிழைச் சுருள் என்று சொல்லலாம்.

அச்சுருள் அறுந்தால் என்ன ஆகும், அதை எவ்வாறு சரிசெய்கிறார்கள் என்பதை இக்கட்டுரையில் கூற விரும்புகிறேன். இதை நான் புத்தகத்தில் மட்டும் படித்துத் தெரிந்துகொள்ளவில்லை. எங்கள் வீட்டில் எல்லோரும் கண்போல் காத்து வந்த கடிகாரத்தின் சுருளை என் கையாலேயே அறுத்துவிட்டு, அதன் பிறகே தெரிந்துகொண்டேன். அந்தக் கதையையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

கடிகாரத்தின் உள்ளே

நாம் சாவி கொடுக்கும்போது மெயின் ஸ்பிரிங் என்னும் நீண்ட பட்டைச் சுருள் இறுகுகிறது. இறுகிய சுருள் மீண்டும் விரிய முயலும். அந்த விசைதான் பற்சக்கரங்களைச் சுழற்றி முட்களை நகர்த்துகிறது. ஆனால் அதைத் தடையின்றி விட்டுவிட்டால் என்ன நடக்கும்? சில விநாடிகளிலேயே சுருள் முழுவதும் விரிந்து, முட்கள் காற்றாடி போலச் சுற்றி ஓய்ந்துவிடும். ஆகவே விசையைக் கொஞ்சம் கொஞ்சமாக, ஒரே அளவாக அளந்து விடுவதற்கு ஒரு காவலாளி தேவைப்படுகிறார். பேலன்ஸ் சக்கரமும் அதனுடன் இணைந்த ஹேர் ஸ்பிரிங்குமே அந்தக் காவலாளிகள்.

ஹேர் ஸ்பிரிங்கின் வடிவத்தை அறிய வேண்டுமானால் கொசுவர்த்திச் சுருளை நினைத்துக்கொள்ளுங்கள். அதை ஒரு சட்டைப் பொத்தானை விடச் சிறிதாக்கினால் எப்படியிருக்குமோ, அப்படி இருக்கும். சுருளின் உள்முனை, பேலன்ஸ் அச்சில் இறுக்கமாகச் செருகிய காலெட் என்னும் வளையத்தில் பொருத்தப்பட்டிருக்கும். வெளிமுனை, பேலன்ஸை மேலிருந்து பிடித்திருக்கும் பாலத்தில் ஸ்டட் என்னும் சிறு கட்டையில் பொருத்தப்பட்டிருக்கும்.

ஊஞ்சலில் அமர்ந்த குழந்தையைத் தள்ளிவிட்டால், அது ஒரு பக்கம் போய்த் தானாகத் திரும்பி வருகிறதல்லவா? ஊஞ்சலைத் திரும்பக் கொண்டுவருவது புவியீர்ப்பு. பேலன்ஸ் சக்கரத்தைத் திரும்பக் கொண்டுவருவது ஹேர் ஸ்பிரிங். சக்கரம் ஒரு பக்கம் சுழலும்போது சுருள் இறுகி அதை இழுத்து வருகிறது. மறுபக்கம் சுழலும்போது விரிந்து இழுத்து வருகிறது. ஒவ்வொரு முறை நடுவைக் கடக்கும்போதும் ஒரு சிறிய நெம்புகோல் பற்சக்கரத்தின் ஒரு பல்லை விடுவித்து இன்னொரு பல்லைப் பிடித்துக்கொள்கிறது. அப்போது எழும் ஓசையே "டிக்".

பழைய கடிகாரங்கள் பலவற்றில் பேலன்ஸ் ஒரு மணி நேரத்தில் 18,000 முறை ஆடுகிறது. அதாவது விநாடிக்கு 5 முறை. ஒரு நாளைக்குக் கணக்கிட்டால் 4,32,000 முறை! நாம் உறங்கும்போதும், விளையாடும்போதும், தேர்வு எழுதும்போதும் அந்த மெல்லிய சுருள் சலிக்காமல் மூச்சு விட்டுக்கொண்டே இருக்கிறது.

சிறிது வரலாறு

ஹேர் ஸ்பிரிங் இல்லாத காலத்துக் கைக்கடக்கக் கடிகாரங்கள் நம்பத் தகுந்தவையாக இல்லை. நாளொன்றுக்கு அரைமணி, ஒருமணி என்று முன்னும் பின்னும் போகும். பெரும்பாலானவற்றில் மணி முள் மட்டுமே இருந்தது. நிமிட முள் வைத்தும் பயனில்லை.

1656ஆம் ஆண்டில் ஊசல் கடிகாரத்தை உருவாக்கிய ஹாலந்து நாட்டு அறிஞர் கிறிஸ்டியான் ஹைகன்ஸ், 1675ஆம் ஆண்டில் பேலன்ஸ் சக்கரத்துடன் சுருள் வில்லை இணைக்கும் முறையை வெளியிட்டார். அதைக் கேள்வியுற்ற இங்கிலாந்து அறிஞர் ராபர்ட் ஹூக், அந்த எண்ணம் தமக்கே முன்னர் தோன்றியது என்று வாதிட்டார். நாம் அறிவியல் பாடத்தில் படிக்கும் ஹூக் விதியை வகுத்தவர் இவரே. வில்லை எவ்வளவு இழுக்கிறோமோ அந்த அளவுக்கு அது திருப்பி இழுக்கும் என்பது அவ்விதி. 1676இல் அதை யாரும் படித்தறிய முடியாதபடி எழுத்துகளைக் கலைத்து வெளியிட்டு, 1678இல்தான் விளக்கினார். தம் கண்டுபிடிப்பைப் பிறர் எடுத்துக்கொள்வார்களோ என்று அறிஞர்களும் அஞ்சியிருக்கிறார்கள்! ஹேர் ஸ்பிரிங் வந்த பின் கடிகாரங்களின் பிழை நாளொன்றுக்குச் சில நிமிடங்களாகக் குறைந்தது. நிமிட முள்ளும் நிலைபெற்றது.

ஆயினும் ஒரு குறை நீடித்தது. எஃகுச் சுருள் வெயிலில் தன் விறைப்பைச் சிறிது இழக்கும். கடிகாரம் மெதுவாக ஓடும். குளிரில் இதற்கு மாறாக நடக்கும். எஃகுடன் நிக்கல் சேர்ந்த உலோகக் கலவைகளை ஆராய்ந்து இக்குறை தீர வழிகாட்டியவர் சுவிட்சர்லாந்தில் பிறந்த சார்ல்ஸ் எடுவார் கியோம். அந்த ஆராய்ச்சிக்காக 1920ஆம் ஆண்டின் இயற்பியல் நோபல் பரிசு அவருக்கு அளிக்கப்பட்டது.

நான் செய்த பிழை

இனி என் கதைக்கு வருகிறேன். எங்கள் தாத்தா ரயில்வேயில் பணிபுரிந்தவர்கள். அவர்களிடம் சாவி கொடுக்கும் எச்.எம்.டி. ஜனதா கைக்கடிகாரம் ஒன்று இருந்தது. பெங்களூரில் 1961இல், ஜப்பானின் சிட்டிசன் நிறுவனத்தின் ஒத்துழைப்போடு தொடங்கப்பட்ட தொழிற்சாலை வழியாக நம் நாட்டு மக்களின் கைகளுக்கு வந்தவை எச்.எம்.டி. கடிகாரங்கள். 2016ஆம் ஆண்டில் அக்கடிகார நிறுவனத்தை மூட மத்திய அரசு முடிவு செய்தது. ஆனாலும் அதன் கடிகாரங்கள் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடிக்கொண்டிருக்கின்றன.

தாத்தா இறந்த பிறகு ஆச்சி நாள்தோறும் காலை ஆறு மணிக்கு அதற்குச் சாவி கொடுத்து, ஒருமுறை காதில் வைத்துக் கேட்டுவிட்டு, தாத்தாவின் படத்திற்குக் கீழே வைப்பார்கள். யாரும் அதைக் கட்டிக்கொள்வதில்லை. ஆனால் ஒருநாளும் அது நின்றதில்லை.

சென்ற கோடை விடுமுறையில் அது நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் பின்தங்கி ஓடுவதைக் கவனித்தேன். உள்ளே இருக்கும் ரெகுலேட்டர் முள்ளைச் சிறிது நகர்த்தினால் சரியாகிவிடும் என்று எங்கோ படித்திருந்தேன். மதியம் எல்லோரும் உறங்கும் நேரத்தில் பேனாக்கத்தியால் பின்மூடியைத் திறந்தேன். அந்த முள்ளை நகர்த்தியதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் உள்ளே அந்தச் சக்கரம் மின்னி மின்னி ஆடுவதைக் கண்டதும், அதை வெளியே எடுத்துப் பார்க்கும் ஆசை வந்துவிட்டது. பாலத்தின் திருகைக் கழற்றித் தூக்கினேன். பேலன்ஸ் சக்கரமும் ஹேர் ஸ்பிரிங்கைப் பிடித்துக்கொண்டு தொங்கியபடியே கூட வந்தது. சக்கரத்தின் பாரத்தால் சுருள் இழுபட்டு, ஸ்டட் அருகே கூர்மையாக மடிந்துவிட்டது. பதறிப்போய் அதை நிமிர்த்தினேன். மறுபடியும் மடிந்தது. மறுபடியும் நிமிர்த்தினேன். மூன்றாம் முறை அறுந்துவிட்டது. ஓசைகூட எழவில்லை.

கம்பியை ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப வளைத்தால் அது களைத்து ஒடிந்துவிடும் என்பது நாமெல்லாம் அறிந்ததே. பதற்றத்தில் அது நினைவுக்கு வரவில்லை. எல்லாவற்றையும் உள்ளே வைத்து மூடி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை ஆச்சி சாவி கொடுத்துக் காதில் வைத்தார்கள். குலுக்கினார்கள். மீண்டும் காதில் வைத்தார்கள். "சத்தமே கேக்கலியே. என் காதுதான் போயிட்டோ?" என்று என்னிடம் கடிகாரத்தை நீட்டினார்கள். நானும் கேட்பதுபோல் கேட்டுவிட்டு, ஒன்றும் சொல்லாமல் திருப்பிக் கொடுத்தேன். அடுத்த நாளும் அப்படியே நடந்தது. தம் காதைக் குறை சொல்லிக்கொண்டு ஆச்சி நிற்பதைப் பார்க்க என்னால் முடியவில்லை. அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். ஆச்சி திட்டவில்லை. சிறிது நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நாளைக்கு உங்கப்பாவக் கூட்டிட்டு நீயே கொண்டு போயிட்டு வா" என்றார்கள்.

எங்கே அறுந்தது?

கடைத்தெருவில் ஒரு கடையில் புதிது வாங்கிக்கொள்ளச் சொன்னார்கள். இன்னொரு கடையில் உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு பேட்டரி மிஷின் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். மூன்றாவதாக, ஒரு மாடிப்படியின் கீழே சிறு கண்ணாடிப் பெட்டியுடன் அமர்ந்திருந்த முதியவரிடம் சென்றோம். அவர் கண்ணில் லென்ஸை இடுக்கிக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"ஹேர் ஸ்பிரிங் சும்மா அறுந்து போகாது, பாப்பா. கை பட்டால்தான் அறும். இல்லையென்றால் துருப்பிடித்து அறும். யார் கை பட்டது?" என்று கேட்டார். நான் கையைத் தூக்கினேன். அவர் சிரித்துவிட்டார். அதன் பிறகு நான் கேட்ட கேள்விகளுக்கெல்லாம் வேலை செய்துகொண்டே பொறுமையாக விடை சொன்னார்.

சுருள் அறுந்ததா என்பதை விட, எங்கே அறுந்தது என்பதே முக்கியம் என்றார். நடுவில் அறுந்தால் ஒட்ட வைக்க முடியாது. ஏன் பற்றவைக்கக் கூடாது என்று கேட்டேன். சூடுபட்ட இடத்தில் கம்பி தன் துள்ளலை இழந்துவிடும். ஒட்டிய இடம் கனத்து விறைத்துப்போகும். பிறகு சுருள் ஒரே சீராக விரிந்து சுருங்காது. சரி, வேறொரு கடிகாரத்தின் சுருளை எடுத்துப் போட்டால் என்ன? அதுவும் ஆகாது. ஒவ்வொரு சுருளின் வலிமையும் அதன் பேலன்ஸ் சக்கரத்தின் பாரத்துக்கு ஏற்ப இணை சேர்க்கப்பட்டது. கம்பியின் தடிமனில் நூற்றில் ஒரு பங்கு வேறுபட்டாலும் கடிகாரம் நாளொன்றுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் தப்பும். ஆகவே நடுவில் அறுந்தால், புதிய சுருளைச் சக்கரத்தோடு ஆடவிட்டு, சரியான சக்கரம் ஒன்றின் ஆட்டத்தோடு ஒப்பிட்டு, நீளத்தை வெட்டிச் சேர்க்க வேண்டும். அல்லது சுருளோடு கூடிய பேலன்ஸ் முழுவதையும் மாற்ற வேண்டும்.

உள்முனையில் காலெட் அருகே அறுந்தால் மீண்டும் பொருத்தலாம். ஆனால் மிக உள்ளே உள்ள சுற்றை வளைத்துச் சீராக்குவது கடினம். வெளிமுனையில் ஸ்டட் அருகே அறுந்தால் பிழைத்துக்கொள்ளலாம். நான் அறுத்தது ஸ்டட் அருகில்தான். அதைக் கேட்டபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

பழுது பார்த்த விதம்

முதலில் மெயின் ஸ்பிரிங்கில் ஏறியிருந்த விசையைத் தளர்த்தினார். பிறகு பாலத்தைக் கழற்றி, ஸ்டட்டைத் தனியே பிரித்தெடுத்தார். ஸ்டட்டின் துளையில், கம்பியின் அறுந்த துணுக்கை ஒரு பித்தளை ஆணி இறுக்கிப் பிடித்திருந்தது. அந்த ஆணி ஊசிமுனையை விடச் சற்றே பெரியது. அதை மெல்லத் தள்ளி வெளியே எடுத்ததும் துணுக்கு விழுந்தது. ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் நீளம்.

அடுத்து, சுருளின் புதிய முனையை இரண்டு ட்வீசர்களால் மெதுவாக வளைத்து, வெளிச்சுற்றின் வளைவோடு ஒத்துப்போகச் செய்தார். பிறகு அதை ஸ்டட் துளையில் நுழைத்து, கூர்மையான புதிய பித்தளை ஆணியைச் செருகி இறுக்கி, மிகுதியை வெட்டினார். இவ்வளவு நேரமும் அவர் பேசவில்லை. மூச்சைக்கூட அடக்கிக்கொண்டார் என்றே நினைக்கிறேன். மின்விசிறியை முன்பே நிறுத்தியிருந்தார்.

பொருத்தியதும் வேலை முடிந்துவிடவில்லை. சுருளை மேலிருந்து பார்த்தால், சுற்றுகளுக்கு இடையே உள்ள இடைவெளி எல்லாப் பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் பார்த்தால், தட்டுப்போல மட்டமாக இருக்க வேண்டும். ஒரு சுற்று இன்னொன்றின் மேல் பட்டாலும், பாலத்தையோ சக்கரத்தையோ தொட்டாலும் கடிகாரம் தாறுமாறாக ஓடும். அவர் எடுப்பதும் பார்ப்பதும் திரும்ப வளைப்பதுமாக இதற்கே அரைமணி நேரம் ஆனது.

அதன் பிறகு, எனக்குச் சற்றும் தோன்றாத ஒரு காரியத்தைச் செய்தார். சுருள் ஒரு மில்லிமீட்டர் குறைந்து ஸ்டட்டில் உள்வாங்கியதால், ஓய்வாக நிற்கும்போது பேலன்ஸ் முன்பிருந்த நிலையிலிருந்து சற்றுத் திரும்பி நிற்கும். சக்கரத்தின் கீழுள்ள சிறு மாணிக்கக் கல், நெம்புகோலுக்கு நேர் நடுவில் நில்லாது. அப்போது கடிகாரம் ஒரு பக்கம் அதிகமாகவும் மறுபக்கம் குறைவாகவும் ஆடும். "நொண்டிக் குதிரை மாதிரி ஓடும். காதால் கேட்டாலே தெரியும்" என்றார். காலெட்டின் பிளவில் மெல்லிய திருப்புளியை வைத்து, அச்சின் மேல் அதைக் கொஞ்சம் திருப்பி, கல்லை நடுவுக்குக் கொண்டுவந்தார். எல்லாவற்றையும் மாட்டிச் சாவி கொடுத்ததும் சக்கரம் ஆடத் தொடங்கியது. என் காதில் வைத்தார். "டிக், டிக், டிக்" என்று ஒரே சீராகக் கேட்டது.

ஒரு மில்லிமீட்டரின் விலை

ஒரு மில்லிமீட்டர்தானே குறைந்தது, அதனால் என்ன என்று நினைத்தேன். வீட்டுக்கு வந்து கணக்குப் போட்டுப் பார்த்தேன். நீங்களும் போட்டுப் பாருங்கள்.

பேலன்ஸ் ஒருமுறை ஆட எடுக்கும் நேரம், சுருளின் நீளத்தின் வர்க்கமூலத்திற்கு நேர்விகிதத்தில் இருக்கும். சுருளின் நீளம் 120 மில்லிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். அதில் 1 மில்லிமீட்டர் என்பது 120இல் ஒரு பங்கு. வர்க்கமூலம் என்பதால் நேரம் குறைவது ஏறக்குறைய அதில் பாதி. அதாவது 240இல் ஒரு பங்கு. ஒரு நாளைக்கு 86,400 விநாடிகள். அதை 240ஆல் வகுத்தால் 360 விநாடி. ஆகவே கடிகாரம் நாளொன்றுக்கு 6 நிமிடம் வேகமாக ஓடும்!

இதைச் சரிக்கட்டவே ரெகுலேட்டர் இருக்கிறது. அதன் இரு சிறு ஊசிகளுக்கு இடையே சுருளின் வெளிச்சுற்று செல்கிறது. ஊசிகளை ஸ்டட் பக்கம் நகர்த்தினால் சுருளின் ஆடும் நீளம் கூடும், கடிகாரம் மெதுவாகும். எதிர்ப்பக்கம் நகர்த்தினால் வேகமாகும். பெரியவர் அந்த முள்ளை மெதுவாக்கும் பக்கத்தின் கடைசி வரை நகர்த்தி, கடிகாரத்தை ஒரு வாரம் தம்மிடமே வைத்துக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்துச் சென்றபோது, "நாளைக்கு நாற்பது விநாடி வேகமாக ஓடுகிறது. இதற்கு மேல் முள் போகாது. வேறொரு பழைய ஜனதாவின் பேலன்ஸை மாற்றிப் போட்டால் இன்னும் துல்லியமாக ஓடும். வீட்டில் கேட்டுக்கொண்டு வா" என்றார். ஆச்சியிடம் கேட்டேன். "தாத்தா கையில கெடந்ததே இருக்கட்டும். நாலு நாளைக்கு ஒரு தடவை நான் திருப்பி வச்சுக்கிடுதேன்" என்றார்கள். கிறிஸ்துமஸ் பண்டிகைக்குச் சேர்த்து வைத்திருந்த பணத்திலிருந்து நானே கூலியைக் கொடுத்தேன். பெரியவர் அதை எண்ணி வாங்கிக்கொண்டு, அறுந்த துணுக்கை ஒரு காகிதத்தில் மடித்து என்னிடம் தந்தார்.

நாம் கவனிக்க வேண்டியவை

உங்கள் வீட்டிலும் சாவி கொடுக்கும் கடிகாரம் இருக்கலாம். அது திடீரென்று மிக வேகமாக ஓடினால் சுருள் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். காந்தம் ஏறினாலும், சுருளில் எண்ணெய் பட்டாலும் சுற்றுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். அப்போது ஆடும் நீளம் குறைந்து கடிகாரம் பறக்கும். காந்தத்தை நீக்கும் கருவியும், நல்ல துப்புரவும் இக்குறைகளைத் தீர்த்துவிடும். ஆகவே ஒலிபெருக்கி, கைப்பேசி, காந்தப் பூட்டுள்ள கைப்பை ஆகியவற்றின் அருகில் கடிகாரத்தை வைக்காதீர்கள். ஈரம் படாமல் காத்துக்கொள்ளுங்கள். நாள்தோறும் ஒரே நேரத்தில் சாவி கொடுங்கள். என்னைப் போலப் பேனாக்கத்தியை மட்டும் எடுக்காதீர்கள்!

1969ஆம் ஆண்டில் குவார்ட்ஸ் கைக்கடிகாரம் விற்பனைக்கு வந்தது. இன்று நாம் வாங்கும் குவார்ட்ஸ் கடிகாரங்கள் பெரும்பாலானவற்றில் படிகம் விநாடிக்கு 32,768 முறை அதிர்கிறது. விநாடிக்கு 5 முறை ஆடும் எங்கள் வீட்டுக் கடிகாரம் துல்லியத்தில் அதற்கு ஈடாகாது என்பது உண்மையே. ஆனால் ஒரு மனிதர் தம் கையால் ஒரு மில்லிமீட்டர் கம்பியைக் கணக்கிட்டு அதைப் பிழைக்கச் செய்ததை நான் அருகிலிருந்து பார்த்தேன். அப்படிப்பட்ட கைகள் அருகி வருகின்றன. உங்கள் ஊரில் அத்தகைய ஒருவர் இருந்தால், பழைய கடிகாரத்தைப் பெட்டிக்குள் போட்டு வைக்காமல் அவரிடம் கொண்டு செல்லுங்கள். வேலை முடியும்வரை அருகிலிருந்து பாருங்கள்.

அந்தத் துணுக்கை என் வடிவியல் பெட்டியில் வைத்திருக்கிறேன். அறுந்தது தெரிந்த அன்றே உண்மையைச் சொல்லியிருந்தால், ஆச்சி இரண்டு நாள் தம் காதைச் சந்தேகித்திருக்க வேண்டாம். ரெகுலேட்டரால் சரிக்கட்ட முடியாதது அந்த இரண்டு நாள்தான்.

இப்போது காலை ஆறு மணிக்கு ஆச்சி சாவி கொடுத்ததும், கடிகாரத்தை முதலில் என் காதில் வைக்கிறார்கள். பிறகே தாத்தாவின் படத்திற்குக் கீழே வைக்கிறார்கள். அது நாற்பது விநாடி முந்தித்தான் ஓடுகிறது. அந்தக் கணக்கு எங்கள் இருவருக்கும் தெரியும்.